தினமும் எழுதுவது: எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கதையோ கட்டுரையோ எழுதத் தொடங்கி, ஏழெட்டுப் பக்கத்துக்கு மேல் நகராமல் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் சில ஆய்வுகள் சொன்னவை, சில மற்ற எழுத்தாளர்கள் செய்து பார்த்தவை. மீதி என் கருத்து.

பெரிய இலக்கு வை என்கிறார்கள், சின்னதாகத் தொடங்கு என்றும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

இரண்டையும் கேட்கலாம். முடிக்கப்போகும் வேலை பெரிதாக இருக்கட்டும். ஒரு நாளில் செய்ய வேண்டியது சிறிதாக இருக்கட்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "ஏதாவது எழுதணும்" என்று ஒரு மங்கலான ஆசை, ஆனால் முதல் நாளே ஐந்து மணி நேரம் உட்காருவார்கள். நாலாம் நாள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

தமிழில் இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம் வெண்முரசு. மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதும் வேலையை ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம் இணையத்தில் வந்தது. ஒரு நாவல் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மட்டும் இடைவெளி. 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள் ஆகியிருந்தன. அந்த எழுத்து உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு பேச்சு. ஆறரை ஆண்டு வேலை ஒவ்வொரு நாளும் அவர் முன்னால் வந்து நின்றது ஓர் அத்தியாயமாகத்தான். நமக்கு ஓர் அத்தியாயமே அதிகம். அரைப் பக்கம் போதும். கணக்கு அதேதான்.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இலக்குகளைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். "உன்னால் முடிந்ததைச் செய்" என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்களைவிட, தெளிவான, கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் செய்து முடித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. இதோடு ஒரு விலக்கும் உண்டு. வேலை சிக்கலானது, செய்பவருக்குப் புதிது என்றால், "இத்தனை முடி" என்ற இலக்கைவிட "இன்னதைக் கற்றுக்கொள்" என்ற இலக்கே நல்ல பலன் தருகிறது. முதல் நாவல் எழுதுபவர் இந்த விலக்கைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எப்படிப்பட்ட இலக்கை வைப்பது?

உங்கள் கையில் இருப்பதை. "வாரப் பத்திரிகையில் கதை வர வேண்டும்", "பரிசு வாங்க வேண்டும்" என்பவை ஆசைகள். வேறொருவர் மேஜையில் முடிவாகிற காரியங்கள். "ஓராண்டில் பன்னிரண்டு சிறுகதை, ஒவ்வொன்றும் மூன்று முறை திருத்தியது" என்பது இலக்கு. "எங்கள் ஊரில் தறி ஓட்டிய குடும்பங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம்" என்பதும் இலக்குதான், அது இன்னும் நல்லது. ஏனென்றால் அது உங்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பும், ஆட்களைப் பார்க்க வைக்கும்.

பெரியதா சின்னதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. இந்த இலக்குக்காக உங்கள் அன்றாடத்தில் எதையாவது கைவிட வேண்டியிருக்கிறதா? எதையும் விட வேண்டாம் என்றால் இலக்கு சின்னது.

ஜனவரி புத்தகக் காட்சிக்குள் புத்தகம் கொண்டுவர நினைக்கிறேன். சரியான கெடுவா?

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. பெரும்பாலும் ஜனவரியில் வருவதால் தமிழ்ப் பதிப்புலகின் கடிகாரமே அதை வைத்துத்தான் ஓடுகிறது. எழுத்தாளருக்கு இது நல்ல கெடுதான். ஆனால் ஜனவரியில் புத்தகம் என்றால் மெய்ப்புப் பார்த்து, அட்டை போட்டு, அச்சுக்குப் போக மாதங்கள் வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே கைப்பிரதி முடிந்திருக்க வேண்டும். டிசம்பரில் ஓடி ஓடி முடித்த புத்தகங்களை அரங்குகளில் பார்க்கலாம். மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுதலாம்?

ஆங்கிலத்தில் படிக்கும் "தினம் ஆயிரம் சொல்" அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் வேற்றுமை உருபு, காலம், இடம் எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்கு நமக்குக் குறைந்த சொற்களே ஆகும். அங்கே ஆயிரம் என்றால் இங்கே அறுநூறு, எழுநூறு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது 250. வாரத்துக்கு 6 நாள் என்றால் ஆண்டுக்கு 78,000 சொல். ஒரு முழு நாவலுக்குப் போதும், வெட்டி எறிவதற்கும் மிச்சம் இருக்கும். உங்கள் மிக மோசமான நாளில், காய்ச்சலோடு, அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்த இரவில் எழுத முடிகிற அளவு எதுவோ அதுதான் உங்கள் எண். நல்ல நாளில் எழுநூறு வந்தால் சந்தோஷம். அதற்காக மறுநாள் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கணக்கு வழக்கில் யாரும் ஆண்டனி டிராலப்பை மிஞ்ச முடியாது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரியாக இருந்தபடி எழுதியவர். காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். தன்னை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். மொத்தம் 47 நாவல்கள். இதையெல்லாம் அவரே தன் வரலாற்றில் எழுதி வைத்தார். அவர் இறந்தபின் 1883இல் அது வெளிவந்ததும், கடிகாரம் பார்த்து எழுதியவனா கலைஞன் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த வேகம் நமக்கு வேண்டாம். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: தினம் எழுத ஒதுக்கிய மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணி, முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு. எழுத உட்கார்ந்ததும் "எங்கே விட்டேன்?" என்று விழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

காலையா, இரவா?

எப்போது உங்களை யாரும் கூப்பிட மாட்டார்களோ அப்போது.

வேலை, குழந்தைகள், சமையல். நேரமே இல்லையே?

இந்தக் கேள்வியை ஆண் கேட்டால் ஒரு பதில், பெண் கேட்டால் வேறு பதில். ஆண்கள் பலருக்கு நேரம் இருக்கிறது, கைப்பேசியில் இருக்கிறது. சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டேதான் அவ்வளவும் எழுதினார்.

வீட்டு வேலை முழுவதும் ஒருவர் தலையில் இருக்கும்போது அவரிடம் "அதிகாலை நாலு மணிக்கு எழுந்து எழுதுங்கள்" என்பது அறிவுரையே இல்லை. அவர் ஏற்கெனவே நாலரைக்கு எழுந்துகொண்டுதான் இருக்கிறார். முதலில் வீட்டில் பேச வேண்டும். இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை அம்மா கிடையாது, காபி வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதில் நிற்க வேண்டும். முதல் வாரம் முணுமுணுப்பார்கள். அதுவரை கைப்பேசியில் தமிழில் பேசினால் தட்டச்சாகும் வசதி இருக்கிறது. பேருந்திலும் சமையலறையிலும் பிறக்கும் வரிகளை அதில் பிடித்து வைக்கலாம். பிழைகள் மலிந்திருக்கும், பரவாயில்லை, பிறகு திருத்தலாம்.

மனநிலை அமைந்தால்தானே எழுத முடியும்? கட்டாயப்படுத்தினால் செயற்கையாக வராதா?

ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் கல்லூரி ஆசிரியர்களை வைத்து இதைச் சோதித்தார். ஒரு குழு அவசரம் வந்தால் ஒழிய எழுதக் கூடாது. ஒரு குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். கட்டாயத்தில் எழுதியவர்கள் அதிகப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய யோசனைகளும் அவர்களுக்குத்தான் அதிகம் தோன்றின. மனநிலைக்காகக் காத்திருந்தவர்களுக்கு எழுத்தும் குறைவு, யோசனையும் குறைவு.

சிறிய சோதனைதான், அவர்கள் எழுதியதும் கவிதை அல்ல. கவிஞர்கள் இதை ஏற்க மாட்டார்கள், அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் அச்சான ஆய்வில் சொன்னது: ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). அதுவும் சாப்பாட்டோடு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் ஓடுவது போன்ற எளிய காரியங்கள். எழுதுவது அவ்வளவு எளிதல்ல என்பதால் நான் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. நடுவே ஒரு நாள் தவறியவர்களுக்குப் பெரிய பின்னடைவு எதுவும் இல்லை.

ஒரு நாள் இல்லை, ஒரு மாதமே போய்விட்டது. கல்யாணம், ஆஸ்பத்திரி, அப்புறம் சோம்பல்.

விட்டதைச் சேர்த்து எழுதிவிட முயலாதீர்கள். முப்பது நாள் பாக்கி 7,500 சொல் என்று கணக்குப் போட்டால் உட்காரவே தோன்றாது. பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு இன்றைய 250 மட்டும். அதுவும் முடியவில்லையா, பழைய பக்கம் ஒன்றை எடுத்து ஒரு பத்தியைத் திருத்துங்கள். வெறும் தாளைப் பார்ப்பதைவிட அது சுலபம், கை தானாகச் சூடு பிடிக்கும்.

இன்னொரு தந்திரம் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்னது: அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவது. கிணற்றை முழுக்க இறைத்துவிடாமல் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பதுபோல.

இரண்டு வருஷமாகத் தினமும் எழுதுகிறேன். எழுத்து அப்படியேதான் இருக்கிறது. ஏன்?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி, கேட்பவர்கள்தான் குறைவு. தினமும் எழுதினால் எழுதும் பழக்கம் வரும். நன்றாக எழுத வருவதற்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும். ஒரே தவறைத் தினமும் செய்தால் அந்தத் தவறுதான் கைக்குப் பழகும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பார்த்தபோது செய்த ஒரு பயிற்சியைத் தன்வரலாற்றில் விவரிக்கிறார். அவருக்குப் பிடித்த ஆங்கில இதழின் கட்டுரை ஒன்றை எடுப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொண்டு, சில நாள் அப்படியே விட்டுவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்புகளை வைத்துத் தன் சொற்களில் கட்டுரையை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, வாரங்கள் கழித்து ஒழுங்குபடுத்துவார். அதில் ஒரு கட்டுரையின் வரிசை எப்படி அமைகிறது என்று கற்றுக்கொண்டார். கட்டுரையைச் செய்யுளாக மாற்றி, மூலம் மறந்தபின் மறுபடி உரைநடையாக்கியும் பார்த்தார், சொல்வளம் சேர்வதற்காக.

தமிழில் செய்து பாருங்கள். நீங்கள் மதிக்கும் ஒருவருடைய ஒரு பக்கம் போதும். ஒப்பிடும்போது உங்கள் எழுத்தின் பழக்கங்கள் பல்லிளிக்கும். நான் பார்த்தவரை அடிக்கடி தென்படுபவை:

வினைமுற்று கடைசியில் வரும் மொழி நம்முடையது. கவனிக்காவிட்டால் "வந்தான். பார்த்தான். உட்கார்ந்தான். சிரித்தான்" என்று எல்லா வாக்கியமும் ஒரே ஓசையில் போய் முடியும். நல்ல உரைநடைக்காரர்கள் எச்சங்களால் இரண்டு செயல்களை இணைப்பார்கள், வினையே இல்லாத வாக்கியம் ஒன்றை நடுவில் வைப்பார்கள், ஒரு வரி வசனத்தால் ஓசையை உடைப்பார்கள். அப்புறம் அந்த "கொண்டிருந்தான்". மழை பெய்துகொண்டிருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நாய் குரைத்துக்கொண்டிருந்தது. பாதி இடங்களில் அதை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. தேவையில்லாத "ஒரு" இன்னொன்று. ஒரு அழகான ஒரு மாலை நேரத்தில் ஒரு பெண் என்று போகும்.

வசனம் தனிக் கதை. கோவில்பட்டிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் தொலைக்காட்சித் தொடர் பேச்சிலேயே பேசுவார்கள். அல்லது எல்லாருமே வட்டார வழக்கில் மூழ்கி, படிப்பவர் மூச்சு முட்டிப் போவார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் இரண்டுமே காதுக்கு எட்டிவிடும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்பதைப் பள்ளி இலக்கணம் என்று தள்ளிவிட்டவர்கள், ஒரு மாதம் அதற்கென ஒதுக்கலாம். பதிப்பாளருக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பினால் எழுத்து முடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு ஒரு குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் வாக்கிய முடிவு மட்டும். லாக்கும் லேதமும் சொன்ன "கற்றுக்கொள்ளும் இலக்கு" நடைமுறையில் இதுதான். வாரத்தில் ஆறு நாளில் நாலு நாள் புதிதாக எழுதவும் இரண்டு நாள் பழையதைத் திருத்தவும் ஒதுக்கினால் ஆண்டுக்கணக்கு கொஞ்சம் குறையும். குறையட்டும்.

முப்பது நாளில் நாவல் எழுதும் சவால்கள் பயன்படுமா?

இதன் பிரபலமான வடிவம் நானோரைமோ. 1999இல் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாறியது. 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. உலகம் முழுக்கப் பரவி, நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்தது. சவாலை இப்போதும் யாரும் தனியாகச் செய்யலாம்.

முதல் வரைவை முடிக்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கு, ஒவ்வொரு வரியையும் பத்து முறை அழிப்பவர்களுக்கு, இது நல்லது. உள்ளே உட்கார்ந்திருக்கும் வாத்தியாரை ஒரு மாதம் விடுமுறையில் அனுப்பும். ஏற்கெனவே கொட்டிக்கொண்டே போகும் கை உள்ளவர்களுக்கு வேண்டாம். தமிழில் செய்பவர்கள் 30,000 என்று வைத்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

முகநூலில் தினமும் பதிவு போடுகிறேன். கணக்கில் வருமா?

என் கணக்கில் வராது. பதிவு எழுதினால் முதல் வரியில் ஆளைப் பிடிக்கும் வித்தை வரும், சண்டை போடவும் வரும். நாற்பது பக்கம் ஓர் உணர்வைத் தாங்கிப் பிடிப்பது வராது. எழுதியவுடனே விருப்பக்குறிகளும் வந்து விழுவதால், எது நன்றாக இருக்கிறது என்ற தீர்ப்பையும் அவற்றைப் போடுபவர்களிடமே விட்டுவிடுவோம்.

ஆனால் வாசகர் காத்திருக்கும் கெடு என்பது வேறு. கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். அடுத்த இதழுக்குள் அத்தியாயம் வந்தாக வேண்டும். வலைப்பூவில் தொடர் எழுதி, ஒவ்வொரு வியாழனும் வரும் என்று சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றினால் அந்த நெருக்கடியின் பயன் உங்களுக்கும் கிடைக்கும்.

நாட்குறிப்பு எழுதுவது உதவுமா?

"இன்று மனம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அவ்வளவாக உதவாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இலிருந்து 1761 வரை போகிறது. யார் வந்தார், என்ன பேசினார், எந்தக் கப்பலில் என்ன சரக்கு, ஊரில் என்ன வதந்தி என்று எழுதினார். நாட்குறிப்பு எழுதுவதானால் அப்படி எழுதுங்கள். கேட்ட பேச்சைக் கேட்டபடி எழுதுவது வசனத்துக்கு ஆகச் சிறந்த பயிற்சி.

எவ்வளவு படிக்க வேண்டும்?

எழுதுவதைவிட அதிகம். அதற்குமேல் கணக்கு வேண்டாம்.

எழுதியதை யாரிடம் காட்டுவது?

"சூப்பர்" என்பவரிடமும் வேண்டாம், "இதெல்லாம் எழுத்தா" என்பவரிடமும் வேண்டாம். "ஏழாம் பக்கத்தில் எனக்கு அலுத்துவிட்டது" என்று இடம் சுட்டிச் சொல்லத் தெரிந்த ஒருவர் போதும். அவர் சொல்லும் இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவர் சொல்லும் தீர்வு பெரும்பாலும் தவறாக இருக்கும். முதல் வரைவைக் காட்டாதீர்கள், இரண்டாவதைக் காட்டுங்கள்.

கையால் எழுதுவதா, தட்டச்சா?

எதுவும் சரி. கணினியில் என்றால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குவதைவிடத் தட்டல்கள் குறைவு. சில வாரத் தொல்லை, பிறகு வாழ்நாள் முழுக்க லாபம்.

ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் தொடங்கி என்ன ஆகப்போகிறது?

1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல். 1942இல் மறையும்வரை எழுதினார். நூல் பாதியில் நிற்கிறது. அந்தப் பாதி இல்லாமல் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியைப் பற்றி இன்று யாரும் பேச முடியாது.

கெடு வந்துவிட்டது, இலக்கில் பாதிகூட ஆகவில்லை. என்ன செய்வது?

முதலில் இருப்பதை அச்செடுத்து எண்ணுங்கள். பன்னிரண்டு கதைக்குக் கிளம்பி ஐந்து இருந்தால், கடந்த ஆண்டு எத்தனை என்று பாருங்கள். பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும். பிறகு ஏன் குறைந்தது என்று தேடுங்கள். தினமும் எழுதியும் முடியவில்லை என்றால் கணக்கு தவறு, தேதியைத் தள்ளிப்போடலாம். பாதி நாள் உட்காரவே இல்லை என்றால் தேதியைத் தள்ளி ஒன்றும் ஆகாது. நாளின் அளவை 250இலிருந்து 100 ஆக்குங்கள். தினமும் உட்கார்ந்தும் அந்தக் கதையே அலுத்துவிட்டது என்றால் அதை மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். ஆனால் கதை நடுவில் எல்லாருக்கும் ஓர் அலுப்பு வரும். அதனால் மூடுவதற்கு முன் இரண்டு வாரம் கூடுதலாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.